வவுனிக்குளத்துக்கு வேண்டியது ஈத்தூண்டில் அல்ல, அதன் ஒழுங்கு

வன்னிக் குளங்களைத் தூண்டில் விளையாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்றொரு யோசனை, புலம்பெயர்ந்த தமிழ் நண்பர்கள் நடுவே சில காலமாக உலவி வருகிறது. கனடாவின் ஏரிகளிலும் நோர்வேயின் ஆறுகளிலும் ஓய்வு நாள்களில் தூண்டில் வீசிப் பழகியவர்கள் அவர்கள். துணுக்காயிலும் மல்லாவியிலும் வேர் உள்ள சிலர் எனக்கு இது பற்றி எழுதியும் இருக்கிறார்கள். வவுனிக்குளக் கரையில் ஒரு விடுதி, நாலைந்து படகுகள், ஊர் இளைஞர் சிலருக்கு வழிகாட்டி வேலை, பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும் என்ற விதி. இவ்வளவும் செய்தால் மீனும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம்.

அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். எதிர்ப்பதோடு நின்றுவிட்டால், இன்று குளத்தில் நடப்பதெல்லாம் சரி என்று நான் சொல்வதாகிவிடும். அதுவும் உண்மை அல்ல. எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கலைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பிளை பிஷிங் என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஈத்தூண்டில், நம்மூர்த் தூண்டிலுக்கு நேர்மாறானது. நாம் மண்புழுவைக் கொளுக்கியில் குத்தி, ஈயத்தின் பாரத்தில் எறிந்து, மிதப்பு அமிழும்வரை காத்திருப்போம். ஈத்தூண்டில்காரரின் கொளுக்கியில் இரையே கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப் பூச்சி மட்டுமே இருக்கும். அதற்குப் பாரம் இல்லை. ஆகவே அவர் எறிவது தடித்த நூலின் பாரத்தை. தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக நூலை வீசி, பூச்சி இறங்குவதுபோல அதை நீர்மேல் இறக்குவார். எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழுகிறது, எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது, நீரின் சூடு என்ன என்பதெல்லாம் தெரியாதவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். கொளுக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டு வீசுவோரும், நீர் சூடேறிய நாளில் மீன் மூச்சுத் திணறும் என்று தூண்டிலையே எடுக்காதோரும் அவர்களுள் உண்டு. இந்த அறிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த அறிவு பிறந்த நீர்நிலைக்கும் வவுனிக்குளத்துக்கும் உள்ள வேறுபாட்டை நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். வவுனிக்குளம் காட்டுக்குள் கிடக்கும் ஆளற்ற ஏரி அன்று. பாலியாற்றை மறித்து மனிதர் கட்டிய குளம். அதன் பழமை கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட தம் நூலில் கருதினார். காடு மூடிக் கிடந்த அதை 1950களில் மீளக் கட்டி, வாய்க்கால் வெட்டி, மக்களைக் குடியேற்றினார்கள். இன்று அதன் நீரில் நெல் விளைகிறது. அதன் மீனில் நன்னீர் மீன்பிடிக் குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் துணுக்காயையும் மல்லாவியையும் விழுங்கியபோது அந்தச் சனம் முழுவதும் கிழக்கு நோக்கி ஓடியது. 2009இன் இறுதியில் திரும்பத் தொடங்கியவர்களை எதிர்கொண்டவை கூரையில்லாத வீடுகளும், கண்ணிவெடி அச்சம் நிறைந்த வயல்களும். நெல் வேண்டுமானால் ஒரு போகம் காத்திருக்க வேண்டும். மாடு வேண்டுமானால் பணம் வேண்டும். குளத்து மீனுக்கு ஒரு வலையும் ஒரு தோணியும் போதும். அப்படிப்பட்ட குளத்தை ஓய்வுநேர விளையாட்டின் கண்கொண்டு பார்ப்பதற்கு முன், அந்த நீர் யாருடைய சோறு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது என் மிகையச்சம் என்று யாராவது கருதினால், வரலாற்றைப் பார்க்கட்டும். இலங்கைக்கு ஈத்தூண்டில் வந்தது மலையகத்தின் வழியாக. தோட்டத் துரைமாருக்கு நுவரெலியாவின் குளிர் பிடித்திருந்தது. ஓடைகளில் இருந்த மீன் பிடிக்கவில்லை. எனவே 1880களில் பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகளைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். பின்னர் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்தார்கள், கழகம் அமைத்தார்கள், அனுமதிச் சீட்டு முறை ஏற்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியிலும் இதுவே நடந்தது. அவலாஞ்சியில் அமைத்த ட்ரவுட் பொரிப்பகத்தை ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இதற்கும் 'பாதுகாப்பு' என்றுதான் பெயர். எதைப் பாதுகாத்தார்கள்? வெளியிலிருந்து வந்த மீனை, வெளியிலிருந்து வந்த மனிதருக்காக. ஓடையில் ஏற்கெனவே வாழ்ந்த உயிர்களைப் பற்றிக் கணக்கெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சிறு இறால் இனம் ஒன்று வாழ்கிறது. ட்ரவுட் அதற்கு ஆபத்தாகுமோ என்ற கவலையை ஆய்வாளர் எழுப்பியது, ட்ரவுட் வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர்.

காவிரியின் கதை இன்னும் கசப்பானது. கூன் முதுகு மகசீர் என்று தூண்டில்காரர்கள் அழைக்கும் பெருமீன், காவிரி வடிநிலத்துக்கு மட்டுமே உரியது. தென்னிந்தியாவின் தூண்டில்காரருக்கு ஒன்றரை நூற்றாண்டுக் கனவு அது. ஆற்றில் அணைகள் வந்தன, வெடிவைத்து மீன் பிடிப்போர் வந்தார்கள். மீன் குறைந்தது. குறைந்ததைக் கண்டு இரங்கியவர்கள் மகாராட்டிரத்தின் லோனாவாலாப் பொரிப்பகத்தில் உருவான நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அதுவும் மகசீர்தானே என்ற எண்ணம். அந்த மீன் பெருகியது. ஆற்றுக்குச் சொந்தமான மீன் மேலும் ஒடுங்கியது. கூன் முதுகு மகசீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் சூட்டும் விழாவும் அபாய அறிவிப்பும் ஒன்றாக நடந்த மீன் அது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபாதி ஒன்று இதே கதையில் உண்டு. ஒரு மகசீர் இன்னொரு மகசீரை இடம்பெயர்த்த செய்தி உலகுக்கு எப்படித் தெரிந்தது? காவிரிக் கரையின் கலிபோர் முகாமில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்திருந்த பிடிப்புக் குறிப்பேடுகளால். 1998 முதல் 2012 வரை அங்கே பிடிக்கப்பட்டுத் திரும்ப விடப்பட்ட மீன்களின் எடை, எண்ணிக்கை, பிடிக்கச் செலவான நேரம் ஆகியவற்றை வைத்தே ஆய்வாளர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். அரச அலுவலகம் எதிலும் அப்படியொரு கணக்கு இருக்கவில்லை. பின்னர் அங்கே தூண்டிலுக்குத் தடை வந்தது. தடையோடு கணக்கும் நின்றது. ஈத்தூண்டில்காரரிடம் நாம் பெறவேண்டியது எது என்பது இதிலிருந்து எனக்குத் தெளிவாகிறது. அவர்களுடைய மீன் வேண்டாம், விடுதி வேண்டாம். அவர்களுடைய குறிப்பேடும் ஒழுங்கும் வேண்டும்.

இனி நம் பக்கத்துக் குறைக்கு வருகிறேன்.

இலங்கையின் குளங்களில் மீன் வளம் என்றாலே நம் அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் ஒரே பொருள்தான்: மீன்குஞ்சு விடுதல். 1952இல் மொசாம்பிக் திலாப்பியா இந்நாட்டுக்கு வந்தது. நம் ஊர்களில் அதை யப்பான் மீன் என்பார்கள். அது குளத்திலேயே கூடு கட்டி, முட்டையை வாய்க்குள் வைத்துக் காத்து, தானே பெருகிற மீன். ஏழையின் புரதம் என்று அதைப் புகழ்வதில் பிழையில்லை. பிறகு கட்லா, ரோகு, மிரிகால் போன்ற இந்தியக் கெண்டைகளும் சீனக் கெண்டைகளும் வந்தன. இவை நம் குளங்களில் இனம் பெருக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்டாக வேண்டும். 1990இல் சமயக் காரணம் காட்டி நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவை அன்றைய அரசு நிறுத்தியபோது, இந்தப் பிழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது தெரிந்தது. 1994இன் பின்னரே ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நக்டா எனப்படும் அதிகார சபை உருவானது.

குஞ்சு விடுவது தவறென்று நான் சொல்லவில்லை. அதைத் தவிர வேறொன்றும் செய்யாமலிருப்பதே தவறு. பிளாஸ்ரிக் பையிலிருந்து குஞ்சுகளைக் குளத்தில் கவிழ்க்கும் அமைச்சரின் படத்தை எத்தனை தடவை நாளிதழ்களில் பார்த்திருப்போம்! பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் அத்தகைய படங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. அந்தக் குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன, ஆறு மாதத்தின்பின் எத்தனை கிலோ கரையேறின, யாருடைய வலையில் ஏறின என்ற அடுத்த படம் ஒருநாளும் வந்ததில்லை. விடப்பட்டதன் எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் நிற்கிறது.

இதற்கிடையில் குளத்துக்கே உரிய மீன்களைப் பற்றிப் பேச யாரும் இல்லை. இலங்கைக்கே உரிய அரிய நன்னீர் மீன்கள் பெரும்பாலும் தென்மேற்கு ஈரவலயத்தின் ஓடைகளில் வாழ்கின்றன. அவற்றுக்கு ஆய்வாளர் உண்டு, முத்திரை உண்டு, வண்ணப்படப் புத்தகம் உண்டு. வன்னியின் விராலுக்கும் கெளிற்றுக்கும் ஆரலுக்கும் சின்னக் கெண்டைகளுக்கும் அந்தப் பெருமை இல்லை. எங்கும் கிடைப்பவை என்பதால் எவரும் எண்ணுவதில்லை. எண்ணாத பொருள் குறைவதும் தெரிவதில்லை.

விராலை எடுத்துக்கொள்வோம். வாடைக்காற்றோடு வரும் மழையில் குளம் நிறைந்து, அலைகரையின் புல்லும் புதரும் நீரில் மூழ்கும் பொழுது அது கூடு கட்டுகிறது. குஞ்சு பொரித்ததும் செந்நிறக் குஞ்சுகள் ஒரு திரளாக நீர்மட்டத்துக்கு வந்துவந்து போகும். தாயும் தகப்பனும் கீழே நின்று காவல் காக்கும். கிட்ட வருவது எதுவானாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரனுக்கு இதைவிட எளிய இலக்கு கிடையாது. பாய்ந்து கடிக்கும் காவல் மீனின் வேகத்தைத்தான் விளையாட்டுத் தூண்டில் உலகம் பரவசத்தோடு வர்ணிக்கிறது. அந்த மீனைக் கொன்றால் குஞ்சுத் திரள் முழுவதும் பிற மீன்களுக்கு இரை. கொல்லாமல் திரும்ப விட்டாலுமே, காவல் விலகிய அந்தச் சில நிமிடங்களில் குஞ்சுகள் சூறையாடப்படும். வட அமெரிக்காவில் கூட்டைக் காக்கும் பாஸ் என்ற மீனை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. ஆகவே 'பிடித்து விடுதல்' என்பது எந்நாளும் எந்நீரிலும் பாவம் போக்கும் தீர்த்தம் அன்று. காலம் பார்த்துத் தூண்டிலை ஒதுக்கி வைப்பதே விராலுக்குச் செய்யும் உதவி.

அந்நிய விரால் இனமொன்று என்ன செய்யும் என்பதற்கும் அண்மைய பாடம் உண்டு. தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுப் பெருவிரால் பெருகி, 2025இல் அங்கே மீனவரின் பிழைப்பையே கெடுப்பதாகச் செய்தி வந்தது. தூண்டில்காரரை அழைத்து அதைப் பிடிக்கச் சொல்லும் நிலைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அலங்கார மீனாக வந்தது எதுவோ, விளையாட்டு மீனாக வந்தது எதுவோ, ஒருமுறை குளத்துக்குள் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்கும் வலை உலகில் இன்னும் பின்னப்படவில்லை.

அடுத்தது வலை. நீர்த்தேக்கங்களில் 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலை கூடாது என்பது நெடுங்கால விதி. தங்கூசி வலைக்கும் தடை உண்டு. விதி தாளில் இருக்கிறது, தங்கூசி கடையில் இருக்கிறது. வலை வாங்கும் ஏழையைப் பிடித்து வழக்குப் போடுகிறார்கள். வலையை மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்பவரை யாரும் கேட்பதில்லை. சின்னக் கண்ணெல்லாம் தீமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் சரியன்று. ஆழ்ந்த நீரில் சின்னக் கெண்டைகளைத் தனியே பிடித்தால் திலாப்பியாக் குஞ்சுக்குக் கேடில்லை என்று நம் நாட்டு ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். குஞ்சுகள் வளரும் இடம் அலைகரையை ஒட்டிய ஆழமில்லாத நீர். காக்க வேண்டியது அந்த இடத்தை. அங்கேதான் இரவில் வலை விழுகிறது. அங்கேதான் குளம் வற்றும்போது உழவு இயந்திரமும் இறங்குகிறது.

மூன்றாவது, கடைசி நீர். இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர், எத்தனை நாள் நீர் என்பதை விவசாயிகளும் அதிகாரிகளும் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். நல்ல வழக்கம். அந்தக் கூட்டத்தில் மீனவரின் குரல் எடுபடுவதில்லை. துருசு திறந்த பிறகு ஆவணி புரட்டாசியில் குளத்தின் நடுவில் மிஞ்சும் நீரே அடுத்த ஆண்டுக்கான மீனின் விதைநெல். விதைநெல்லை உண்ணும் விவசாயியை நாம் என்ன சொல்வோம்? ஆனால் குளத்தின் கடைசி நீரை வயலுக்கு இறைப்பதையும், கடைசி மடுவைச் சுற்றி வலை வளைப்பதையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு, மாரி வந்ததும் இரண்டு இலட்சம் குஞ்சு கேட்டு மனு எழுதுகிறோம்.

நோர்வே நண்பர்களுக்கு அவர்கள் வாழும் நாட்டையே நினைவூட்டுகிறேன். 1980களில் அங்கே போன நம்மவரில் பலர் வடகோடியான பின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்து வாழ்வைத் தொடங்கியவர்கள். மீனின் அருமை அவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2024 யூன் மாதத்தில், கடலிலிருந்து திரும்பும் சால்மன் மிகக் குறைந்துவிட்டது என்று கண்ட நோர்வே அரசு, பருவத்தின் நடுவிலேயே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பை நிறுத்தியது. அனுமதிச் சீட்டுக்குப் பெரும் பணம் கட்டியவர்களும் தூண்டிலை மடக்கினார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் நிறுத்த முடிந்தது. எண்ணிக்கை கையில் இருந்ததால் நிறுத்த முடிந்தது. வவுனிக்குளத்துக்கு நான் கேட்பது அந்த எண்ணிக்கையை, அந்த அதிகாரத்தை.

"மீனவர் ஏழைகள், கட்டுப்பாடு போட்டால் வயிற்றில் அடிப்பதாகாதா?" என்று கேட்கலாம். மழை தொடங்கிய சில வாரங்களுக்கு அலைகரையில் வலை போடாதே என்று சொல்லும்போது, அந்த வாரங்களுக்கு உலர் உணவோ உதவிப் பணமோ கொடுப்பது அரசின் கடமை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் கடல் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை கொடுக்கிறார்கள். குளத்து மீனவனுக்கு அது ஏன் கூடாது?

"சுற்றுலா வந்தால் வேலை வருமே" என்று இன்னொரு கேள்வி. வரட்டும். ஆனால் அனுமதிச் சீட்டைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள கம்பனி விற்கக்கூடாது. குளத்தின் மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கம் விற்கட்டும். எத்தனை தூண்டில், எந்த மாதம், எந்த இடம் என்பதைச் சங்கம் தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதற்கே இருக்கட்டும். புதிய மீன் இனம் எதையும், எவர் பணத்திலும், விளையாட்டுக்காகக் குளத்தில் விடக்கூடாது. இந்த நிபந்தனைகளை ஏற்று வரும் ஈத்தூண்டில்காரரை நானும் வரவேற்பேன். ஏற்காதவருக்கு நோர்வேயின் ஆறுகளும் கனடாவின் ஏரிகளும் இருக்கின்றன.

என் கோரிக்கைகள் நான்கு. சிறுபோகக் கூட்டத்தில் மீன்பிடிச் சங்கத்துக்கு வாக்குள்ள ஓர் இருக்கை. துருசு எவ்வளவு திறந்தாலும் கீழிறங்கக்கூடாத ஒரு நீர்மட்டம், குளக்கட்டில் எல்லோரும் பார்க்கும்படி வர்ணம் பூசிய கோடாக. மீன் இனம் பெருக்கும் வாரங்களில் அலைகரைக்கு ஓய்வும், மீனவருக்கு ஈடும். சங்கத்தின் கையில் ஒரு குறிப்பேடு: இன்ன நாள், இன்ன வலை, இன்ன மீன், இத்தனை கிலோ.

கடைசியாகச் சொன்னதற்கு அரசு உத்தரவு தேவையில்லை. விடுதி கட்டும் பணமும் தேவையில்லை. தம் ஊர்க் குளத்துக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று துடிக்கும் நண்பர்கள், துணுக்காய் மீனவர் சங்கங்களுக்கு நல்ல தராசும் கொப்பியும் வாங்கிக் கொடுத்து, கணக்கெழுதத் தெரிந்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க முன்வரட்டும். ஐந்து ஆண்டு எழுதிய கணக்கோடு வாருங்கள். அப்போது விடுதியைப் பற்றிப் பேசலாம்.